ஏழாம் கண்ணாடியில் இருந்த அப்பிரகம்

மயிலாப்பூர்
21.11.1996

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அச்சகத்தில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் நலமாக இல்லை. இன்று நடந்ததை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப் போகிறேன்.

அப்பிரகத்தின் மேல் செலோடேப்பை ஒட்டி உரித்துக்கொண்டே போனால் ஏடு ஏடாகப் பிரியும், மெலிந்தால் மழைத்தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்போல நிறம் காட்டும், இன்னும் மெலிந்தால் நிறமும் போய்விடும் என்று உங்கள் அறிவியல் பத்திரிகையின் செப்டம்பர் இதழில் எழுதியவர் நீங்கள்தான். ராயப்பேட்டையில் இஸ்திரிப்பெட்டி ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் அத்தா வலியுல்லாவிடம் அது, பெட்டிக்குள் சூட்டுக்கம்பி சுற்றும் மைக்கா என்ற பெயரில் நிறைய இருந்தது. இப்போது இல்லை. மூன்று பெட்டிகள் வாயைப் பிளந்து கிடக்கின்றன. "இன்னா ரூஹி, நீ மைக்காவ உரிச்சுட்ட, கஸ்டமர் என்னை உரிப்பான்" என்கிறார். அத்தனை இழப்புக்கும் பிறகு ஏழு கண்ணாடித் துண்டுகளில் ஏழு ஏடுகள் ஒட்டினேன். ஆறில் நிறம் தெரியும். ஏழாவதுதான் எல்லாவற்றிலும் மெல்லியது, பார்த்தால் ஒன்றுமே தெரியாது, ஆனால் வாயால் ஊதினால் மூச்சுப் பனியில் அதன் ஓரம் மட்டும் கோடாகத் தெரியும். இன்று பள்ளிக் கண்காட்சியில் தேர்வானால் அடையாறு கண்காட்சிக்குப் போகலாம்.

நடுவர் கோதண்டபாணி சார் ஏழாவதைத் தூக்கிப் பார்த்தார். ஊதுங்கள் சார் என்றேன். ஊதினார். திரும்ப ஊதினார். "வெறுங் கண்ணாடிம்மா இது! என்னை ஊத வெச்சு வேடிக்கை பாக்கறியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சோடா உப்பு எரிமலைக்கு முதல் பரிசு! அது பொங்கியது, என்னுடையது பொங்கவில்லை, அவ்வளவுதானே? அப்போதுதான் பார்த்தேன், மண்டபத்தைப் பெருக்கும் துரைராஜ் அண்ணன் ஈரத்துணியோடு நிற்கிறார். தலைமையாசிரியையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், துடைச்சது இவர்தான் மிஸ் என்று. "நா மேஜையத்தான் தொடச்சேன் பாப்பா, கண்ணாடிய கையாலகூடத் தொடல" என்றார். மிஸ் நம்பவில்லை, நன்றாகத் திட்டினார், வேலையை விட்டே அனுப்பிவிடுவேன் என்றார். வேணும்! நூற்றுக்கணக்கான தடவை உரிச்சிருக்கேன் ஐயா, விரல்ல தோலே போச்சு. கண்ணுக்குத் தெரியாத ஏடும் ஏடுதான் என்று நீங்கள் நடுவருக்கு உடனே எழுத வேண்டும்.

தங்கள் பேனாவில் மை வற்றாதிருக்க வேண்டும் துஆவுடன்,
வ. ரூஹி, ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு

பி.கு.: ஐயா, நடுவருக்கு எழுத வேண்டாம். அத்தா வரும்வரை மண்டபத்திலேயே உட்கார்ந்து மேலே உள்ளதை எழுதினேன். அழிரப்பர் எடுக்க ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தால் உள்ளே பஞ்சில் சுற்றிய ஏழாம் கண்ணாடி. பஸ்ஸில் உடையக் கூடாதென்று நேற்று நானே வைத்தது. 'ஏழு' என்ற சீட்டை மீதமிருந்த வெறுங் கண்ணாடியில் ஒட்டியதும் நானேதான். ஊதினேன். ஓரம் தெரிகிறது. துரைராஜ் அண்ணனிடம் முதலில் காட்டி, பிறகு அவரோடு மிஸ்ஸிடம் போக வேண்டும் என்று எழுந்தேன். அவரே கதவருகே நின்று, "முடிஞ்சுதா பாப்பா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் விளக்குகளை அணைத்துவிட்டார். இருட்டில் ஓரம் தெரியாது; இதை வாசல் விளக்கடியில் எழுதுகிறேன், அவர் பூட்டிவிட்டு வந்ததும் ஊதிக் காட்ட வேண்டும்.