கதவுக்குப் பின்னால் போட்ட கையெழுத்து

பொது சுகாதார முதுகலைப் படிப்புக்கு, இளநிலையில் ஐம்பது விழுக்காடு மதிப்பெண் இல்லாதவர் விண்ணப்பிக்கக் கூடாது என்பது விதி. பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து, இப்படிப்பட்ட விதிகளைக் காட்டியே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவன் நான். விதியெல்லாம் மற்றவர்களுக்குத்தான் என்று முழு மனதாக நம்பிய ஒரே பிறவியை, ஓய்வு பெற்று ஸ்ரீரங்கம் வந்த பிறகுதான் பார்த்தேன். எங்கள் தெரு அவருக்கு வைத்த பெயர் கொசுக்காரம்மா.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு தேடுவது வேலை. மாநகராட்சி ஒப்பந்தக்காரரின் ஆள். புழு அகப்பட்டால் பாட்டிலில் பிடித்து, சாப்பிடுகிறவர் இலைக்கு நேராக நீட்டி, "எப்படி நெளியுது பாருங்க!" என்று பூரிப்பார். எதிர்வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையை நகரச் சொல்லி, பின்னாலிருந்த பூந்தொட்டியைக் கவிழ்த்தார். ஆல்பத்தில் மணப்பெண்ணைவிட இவர்தான் தெளிவாக விழுந்திருக்கிறார்.

என் பழைய உத்தியோகத்தை யாரோ சொல்லிவிட்டார்கள். தொட்டிக்குள் தலையை விட்டபடியே கேட்டார்.

"சார், எம்.பி.எச். படிக்கணும்."

"மார்க் என்ன?"

"பி.எஸ்சி. விலங்கியல். நாப்பத்தாறு பர்சென்ட்."

"அதுக்கு அப்ளிகேஷனையே தொடக்கூடாதும்மா."

"நேத்தே தொட்டுட்டேன் சார். மருங்காபுரிப் பக்கம் எங்க ஊர்ல காய்ச்சல் வந்து மூணு பிள்ளைங்க போச்சு. ஏன்னு கேக்க ஒரு ஆபீசரும் வரல. அதான், நானே ஆபீசரா போயிடலாம்னு."

மூன்றாண்டு களப்பணி இருந்தால் விதிவிலக்கு பரிசீலிக்கப்படும் என்று ஓர் உட்பிரிவு உண்டு. பரிசீலிக்கப்படும் என்றால் நிராகரிக்கப்படும் என்று பொருள்; இத்தகைய வாசகங்களை எழுதிப் பிழைத்தவன் சொல்கிறேன். அதற்கும் அனுபவச் சான்று வேண்டும். ஒப்பந்தக்காரர் தர மறுத்துவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு பையோடு வந்து என் மேசைமேல் கொட்டினார். வீட்டுக்கு வீடு கதவின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஆய்வு அட்டைகள். வரும்போதெல்லாம் தேதி போட்டு அதில்தான் அவர் கையெழுத்திடுவார். தெரு முழுவதும் உரித்தெடுத்திருந்தார். சிலவற்றில் கதவுப் பெயிண்டும் சேர்ந்து வந்திருந்தது.

"மூணு வருஷம் சார். ஒரு வாரம்கூட விடல."

"முத்திரை எங்கம்மா?"

"கொசு முத்திரை கேட்டதில்லையே சார்!"

இதைவிடப் பெரிய அபத்தத்தை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. அப்படியே அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, உட்பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, தெருவாசிகள் அனைவரிடமும் கையெழுத்து வாங்கி, இணைப்புக் கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். அவரை எழுத விட்டால் பிழைகளை யார் பார்ப்பது? மின்னஞ்சல் முகவரியும் என்னுடையதுதான். தன்னுடையதன் கடவுச்சொல்லை அம்மணி மறந்திருந்தார்.

நேர்காணலுக்கு அழைத்தார்கள். போன இடத்தில், கேள்வி கேட்ட பேராசிரியரை எழுப்பிவிட்டு, அவர் நாற்காலிக்குப் பின்னாலிருந்த ஏர்கூலரைத் திறந்து புழு எடுத்துக் காட்டினாராம். "பயந்துட்டாங்க சார்" என்றார் பெருமையாக. அத்தோடு தொலைந்தது என்று நினைத்தேன்.

பிறகு நான் தினம் பத்து முறை மின்னஞ்சலைத் திறந்து பார்த்தது உத்தியோகப் பழக்கம், வேறொன்றுமில்லை. சேர்த்துக்கொள்ளப்பட்டார் என்ற பதிலை அச்செடுத்துக்கொண்டு, அவருக்கு அன்று வேலை போட்டிருந்த அம்மா மண்டபம் படித்துறைக் கூட்டத்தில் புகுந்து, செருப்பைத் தொலைத்து, வேட்டியை நனைத்து, அவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். அன்று ஆடிப் பதினெட்டு.