போக்லாந்தரின் ஒரே கேள்வி

போக்லாந்துத் தீவுகளுக்காகத் தன் வேலையைப் பணயம் வைத்த தமிழன் உலகத்தில் ஒருவர்தான். அவர் டொரொண்டோவில், வெக்ஸ்போர்ட்டில், எங்களோடு ஒரே அப்பார்ட்மெண்டில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவுக்காரர். அவருக்குச் சொந்தப் பெயரும் இருந்தது. தொண்ணூறுகளில் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. எல்லோருக்கும் அவர் போக்லாந்தர்.

அந்தத் தீவுகளை அவர் கண்ணால் கண்டதில்லை. அங்கே மனிதரைவிட ஆடு அதிகம் என்பது மட்டும் தெரியும். இங்கிலாந்தும் ஆர்ஜென்டீனாவும் எண்பத்திரண்டில் 'எங்களது' என்று சண்டை பிடித்த கதையில் அவர் எந்தப் பக்கமும் இல்லை. "தீவில இருக்கிற சனத்தைக் கேட்டவையோ?" அவ்வளவுதான் அவர் கட்சி.

வீட்டிலும் அதே கேள்விதான். ரீவியை நகர்த்தினால், "ஹோலில படுக்கிறவனைக் கேட்டனீங்களோ?" என்பார். ஒருமுறை கறிக்கே வாக்கெடுப்பு வைத்தார். அவருக்கு அறவே பிடிக்காத பூசணிக்காய் வென்றது. முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு, "சனம் சொன்னாச் சரி" என்றார்.

எனக்கோ மண்டை குடைந்தது. "உங்களுக்கும் உதுக்கும் என்ன தொடர்பு, அண்ணை?"

"எங்கட தீவுக்குப் படகு எத்தினை மணிக்கெண்டு ஆரடாப்பா முடிவெடுக்கிறது? ஒருநாளும் படகில ஏறாதவன். உனக்கு விளங்காது. எங்களைத் 'தீவான்' எண்டு நக்கலடிக்கிற யாழ்ப்பாண டவுன்காரன் நீ."

நாங்கள் இருவரும் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினோம். அங்கே தலைமைச் சமையல்காரர், யாரிடம் சொல்லி அழ, ஆர்ஜென்டீனாக்காரர். ஒருநாள் அவர் தன் நாட்டு வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார். தீவுகளுக்கும் அதே நிறம். போக்லாந்தர் சவர்க்காரக் கையோடு போய் நின்றார்.

"யூ ஆஸ்க் ஐலண்ட் பீப்பிள்?"

முதலில் செஃப் சிரித்தார். தினமும் கேட்டதும் சிரிப்புப் போய்விட்டது. தீவுகள் ஆர்ஜென்டீனாவுடையவை என்று சொல், இல்லாவிட்டால் நாளைக்கு வராதே என்றுவிட்டார்.

போக்லாந்தர் மனைவியைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் செய்திருந்த நேரம் அது. வேலை போனால் மனைவி வருவதும் தள்ளிப்போகும். வீடே கெஞ்சியது.

"வாயால ஒரு சொல்லுத்தானே, அண்ணை. சொல்லிப்போட்டு அண்ணியைக் கூப்பிடுங்கோ."

"என்ர இடமெண்டா விட்டுக்குடுப்பன். உது என்ர இடமில்லையே" என்றார்.

மறுநாள் வேலைக்குப் போனபோது குசினி வாசலில் செஃப் மறித்தார். தன் தம்பி அந்தத் தீவில்தான் புதைந்து கிடக்கிறான் என்றார். பத்தொன்பது வயதுப் பையன், கட்டாயப் படைச் சேவையில் போனவன். போக்லாந்தர் தலை குனிந்தார். மனிதர் இனிப் பணிந்துவிடுவார் என்று எனக்கு உள்ளூர நிம்மதி. அவர் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார்.

"யுவர் பிரதர்... எனிபடி ஆஸ்க் ஹிம்?"

செஃப் சுவரிலிருந்த வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு "நோ" என்றார். உள்ளே போய் ஓர் அப்ரனை எடுத்துவந்து போக்லாந்தரின் கையில் கொடுத்தார். வரைபடம் சுவரிலேயே இருந்தது.

அன்று முழுதும் மனிதர் சட்டிகளைத் தேய்த்தார். வீடு திரும்பும்போது பஸ் காலியாகக் கிடந்தது. அத்தனை ஸீட் இருந்தும் நான், "இதில இருக்கட்டோ, அண்ணை?" என்று கேட்டுவிட்டு அவரை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.