மச்சுக்கு வந்த பச்சைப் பட்டுக்காரி

தென்காசி வக்கீல் குத்தாலிங்கம் பிள்ளை ஒரு முடிவு எடுத்துவிட்டார். அந்த வீட்டில் முடிவெடுப்பது அவர்தான். எடுத்த முடிவை என்ன செய்வது என்று பார்த்துக்கொள்வது அவர் மனைவி குழல்வாய்மொழி.

வழக்கு விஷயமாகப் பட்டணம் போனவர் அங்கே ஒரு பெரிய வக்கீல் வீட்டுக் கூடத்தைப் பார்த்துவிட்டார். சுவர் கொள்ளாமல் படங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் அந்த மனிதர் கழுத்தைச் சாய்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற தோரணை குத்தாலிங்கத்தின் தூக்கத்தைக் கெடுத்தது. திரும்புகிற ரயிலில் இவரும் கழுத்தைச் சாய்த்துப் பழகினார். எதிரே இருந்தவர் சுளுக்கு என்று நினைத்துத் தைலம் கொடுத்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "இனிமே மச்சு ரூம்தான் கலைக்கூடம்" என்று அறிவித்தார். ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் சாரல் அன்றைக்குத்தான் ஆரம்பம்.

இதில் ஒரு சிக்கல். மாடியிலிருந்த அந்த மச்சு அறைமேல் குழல்வாய்மொழிக்கும் ஒரு கண். அவள் அண்ணன் வாங்கிக் கொடுத்த தையல் மெஷின் அடுக்களை மூலையில் முடங்கிக் கிடந்தது. அதை மச்சில் போட்டு, தெருப் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: "வக்கீல் வீட்டுல தையக்கடையா?" அதற்கப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆசையை விடவில்லை.

"கலைக்கூடத்துல எதுல செஞ்சதச் சேக்கப் போறிய?" என்றாள், தோசையைத் திருப்பிக்கொண்டே.

"காயிதத்துல. தண்ணி வர்ணம்."

"இந்தச் சாரலுக்கு அப்பளமே நமுத்துப் போவுது. காயிதம் பூஞ்சை பூத்துரும்."

"அப்ப மரச்சிற்பம்."

"கரையானுக்கு விருந்து."

"கல்லு?"

"மச்சு கீழ வந்துரும். கீழ படுத்திருக்கது நீங்கதான்."

"மண்ணு பொம்மை. இப்ப என்ன சொல்லுத?"

"கண்ணு தெறந்த மண்ணு பொம்மைன்னா சாமில்லா. வருசா வருசம் கொடை குடுக்கணும். கெடா வெட்டச் சம்மதமா?"

குத்தாலிங்கம் பிள்ளை கத்தரிக்காய் நறுக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிற சைவம்.

"அப்ப எண்ணெய் வர்ணம்தான். துணியில எழுதினது. சாரலும் தொடாது, கரையானும் தொடாது" என்றார்.

அவள் அடுத்த தோசையை ஊற்றினாள். எதிராளி வாயை மூடினால் வழக்கு ஜெயித்துவிட்டது என்று நினைப்பது வக்கீல் குணம்.

ஐந்தருவிப் பாதையில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தார்கள். பழஞ்சாமான் வியாபாரி கிதிர் முகம்மது சொல்லி அனுப்ப, இவர் ஓடினார். இருட்டுக் கூடத்தில், சட்டத்துக்குள், பச்சைப் பட்டு உடுத்திய ஓர் இளம்பெண் ஆளுயரத்துக்கு நின்றாள்.

"யாரு இது?"

"தெரியல அண்ணாச்சி. பங்களாக்காரங்களுக்கே தெரியலங்காங்க. கொண்டு போங்க. வண்டியில மட்டும் உங்களப் பாத்தாப்புல வைக்காதிய."

"ஏன்?"

"சும்மாதான் சொல்லுதேன்."

வீட்டில் குழல்வாய்மொழி படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"உயிரோட இருக்காளா?"

"பழைய படம். எப்பவோ செத்திருப்பா."

"கழுத்துல தாலி இல்ல. அப்ப கன்னி."

வக்கீல் படத்தை விட்டு ஓரடி தள்ளி நின்றார். கல்யாணமாகாமல் செத்துப்போன பெண் அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம். ஓலைப்பெட்டியில் புதுச்சேலை வைத்துக் கும்பிடுவார்கள். சாரலையும் கரையானையும் யோசித்தவர் இதை யோசிக்கவில்லை. யார் வீட்டுக் கன்னியையோ விலைக்கு வாங்கி, வண்டியில் ஏற்றிக் கூட்டி வந்திருக்கிறார்.

"பேருகூடத் தெரியாம எப்படிக் கூப்பிட்டுக் கும்பிடுதது?" என்று சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

சாரல் நாளில் தென்காசியில் பகலிலேயே வெளிச்சம் போதாது. மத்தியானம் மச்சில் உட்கார்ந்து இவர் கழுத்தைச் சாய்ப்பார். படத்துப் பெண்ணும் சாய்ப்பது போலிருக்கும். ஜன்னல் பக்கம் நகர்ந்தால் கண்ணும் ஜன்னல் பக்கம் வரும். திரும்பி உட்கார்ந்தால் முதுகு சில்லிட்டது. ஒருநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தார். உள்ளே பிச்சிப்பூ வாசம். பூ இல்லை.

இன்னொரு நாள் படிக்கட்டில் ஈரக் காலடிகள். சின்னப் பாதம். எல்லாம் மேலே ஏறிப் போயிருந்தன. இறங்கி வந்த தடம் ஒன்றுகூட இல்லை. குனிந்து தேடிக்கொண்டே ஏறியவர் மேல்படியில் நிமிர்ந்தார். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே, படத்தில் அவள் கண்ணுக்குக் கீழே ஒரு சொட்டு நீர் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

மனிதர் நிஜமாகவே பயந்துபோனார். மறுநாள் கோர்ட்டில் எதிர்க்கட்சிக்காக வாதாடிவிட்டு வந்தார்.

"ஏளா, அவளுக்கு என்னதான் வேணுமாம்?"

"தனியாக் கெடக்கால்லா. பொம்பளப் பிள்ளைய நாலு பேரு வந்து சிரிச்சிப் பேசிக்கிட்டு இருந்தா அடங்குவா."

குத்தாலிங்கம் யோசித்தார். பிரமாதமான ஒரு யோசனை அவருக்குத் தானாகவே உதித்தது. அப்படித்தான் அவர் நினைத்தார்.

"உன் தைய மெஷின மச்சுல போட்டா என்ன?"

"வக்கீல் வீட்டுல தையக்கடையா?" என்று அவள் அதிர்ந்துபோனாள்.

அவர் கெஞ்சினார். அவள் மாட்டேன் என்றாள். கடைசியில் மெஷினை அவரே தோளில் தூக்கிக்கொண்டு போனார், மச்சுக் கதவு வரைக்கும்.

பெண்பிள்ளைகள் வந்தார்கள். மெஷின் ஓடியது. காலடி நின்றது, கண்ணீர் நின்றது. பிள்ளைகள் படத்திலிருந்த ரவிக்கைக் கையைப் பார்த்து வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். கோயில் வாசலில் அந்தக் கையோடு நாலு பேர் எதிரே வந்தபோது வக்கீல் கும்பிடாமலே திரும்பி வந்துவிட்டார்.

சாரல் விட்டு வெயில் வந்தது. வெயிலோடு அவருக்கு மூளையும் வந்தது. நேரே மச்சுக்கு ஏறினார். குழல்வாய்மொழி தனியாக உட்கார்ந்து பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். படத்துக்கு முதுகைக் காட்டி, அவளைப் பார்த்து நின்று, குறுக்கு விசாரணையை ஆரம்பித்தார்.

"அந்தக் காலடி யாருது?"

"எனக்குள்ளதுதான். காலக் கழுவிட்டு ஏறினா ஈரம் இருக்கத்தான செய்யும்."

"எறங்கின தடம்?"

"எறங்கையில காஞ்சிருக்கும்."

"கண்ணுல தண்ணி?"

"ஓடு ஒழுகிச்சு. சொன்னா நீங்க மாத்தவா போறிய? நானே ஆள விட்டு மாத்திட்டேன்."

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டிய? அவளுக்கு என்ன வேணும்னுதான கேட்டிய."

வக்கீல் நெஞ்சை நிமிர்த்தினார். வழக்கு முடிந்தது.

"நாளைக்கே மெஷின் கீழ போகணும். மச்சு எனக்கு வேணும்."

"எறக்கிருதேன்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. தீர்ப்புக்கு முத்திரை வைக்கிற நினைப்பில் ஒரு கேள்வியைக் கேட்டுவைத்தார்.

"பிச்சிப்பூ வாசமும் நீதான?"

ஊசி நின்றது. அவள் தலையைத் தூக்கினாள். அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

"பிச்சி எனக்கு ஆவாதுல்லா. மண்டையிடி வந்துரும். என்னைக்காவது நான் பிச்சி வச்சுப் பாத்திருக்கியளா?"

குத்தாலிங்கம் யோசித்தார். கல்யாணத்தன்றைக்கு அவள் தலையில் என்ன பூ? போன தீபாவளிக்கு என்ன பூ? ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இந்த நிமிஷம் அவள் கொண்டையில் என்ன பூ இருக்கிறது? எதிரே நின்ற அவருக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்க்கலாம்தான். பார்த்து, அங்கே பிச்சி இல்லாமல் போய்விட்டால்?

"மெஷின் இங்கனயே கெடக்கட்டும்" என்றார். பிறகு படத்தைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொண்டு, பின்பக்கமாகவே படி இறங்கிப் போனார்.