ஸ்பீக்கர்ல பேரு வந்த எருமை

ஒரு காட்டுலன்னு நான் வாயத் தொறக்குறதுக்குள்ள கொட்டாவி விடுறான் பாரு! டேய், போனை உள்ள வைங்கடா. இதுல புத்திசாலி முயல் எதுவும் வராது, பயப்படாதீங்க.

அந்தக் காட்டுல மொக்கையன்னு ஒரு எருமை. ஊரே வெளாங்கா ஆட்டத்துக்குப் பைத்தியம். ஆட்டம் சிம்பிள்தான். குரங்கு வெளாங்காயத் தூக்கி எறியும், மான் புடிச்சுக்கிட்டு எல்லைக்கு ஓடும். குரங்கு எறியறதுக்குள்ள அந்தக் குரங்கையே நசுக்க எதிர் டீம் காட்டுப்பன்னி பாஞ்சு வரும். அதத் தடுக்க அஞ்சு தடியனுங்க முன்னாடி சுவரு மாதிரி நிக்கணும். அவனுங்க காயத் தொடக்கூடாது. முட்டு வாங்கணும், அவ்வளவுதான்.

ஆள் எடுக்குற நாள்ல மொக்கையன் குளிச்சு, கொம்புக்கு எண்ணெய் போட்டுப் போய் நின்னான். மான எடுத்தாங்க, கீரிய எடுத்தாங்க, ராசிக்குன்னு ஒரு பல்லியக்கூட எடுத்தாங்க. மொக்கையன யாரும் கூப்பிடல.

மறுவாரம் கோச் கரடி போன் பண்ணுச்சு. "ஒருத்தனுக்குக் கால் ஒடிஞ்சிருச்சுப்பா. வந்து நில்லு. சரியில்லேன்னா சாயங்காலமே அனுப்பிருவேன்."

போனான். நின்னான். மூணு சீசன் நின்னான். ஒரு பன்னிகூட அவனத் தாண்டல. குரங்கு போஸ்டர்ல சிரிச்சுது. மான் ஷூ விளம்பரத்துல ஓடுச்சு. நாலு காலுக்கும் ஷூ!

ஆட்டத்த வர்ணிக்கிற மைனா மைக்ல கத்துறது குளத்துல கெடக்குற அவன் ஆத்தாவுக்கும் கேக்கும்.

"ஏலே, ஒரு தடவகூட உன் பேரு வரலையே. நெசமாவே ஆடுறியா, அங்கன புல்லு மேயுறியா?"

"ஆடுறேன்த்தா."

"பக்கத்துக் குளத்துக்காரி சிரிக்கிறாய்யா."

அதுதான் அவனக் குத்திருச்சு. பன்னி முட்டுனதுகூட அப்படி வலிக்கல.

ஃபைனல் வந்துச்சு. பன்னி வருது. மொக்கையன் கால ஊனுனான். மைனாவப் பாத்தான். மைக்கப் பாத்தான். அப்புறம், 'வாங்க சார்'ங்கிற மாதிரி ஒரு எட்டு நகந்து வழிய விட்டான்.

குரங்கு தோசையாயிருச்சு.

"மொக்கையன்! விட்டுட்டான் மொக்கையன்! யாருங்க இந்த மொக்கையன்?" மைனா தொண்ட கிழியக் கத்துச்சு. பெரிய திரையில அதையே திருப்பித் திருப்பிப் போட்டாங்க. காடே அவன் பேரச் சொல்லித் திட்டுச்சு. குளத்துல ஆத்தா மட்டும் பக்கத்துக் குளத்துக்காரியக் கூப்பிட்டு, "கேட்டியாடி? எம்புள்ள பேரு!"ன்னா.

கரடி அன்னைக்கே, "கெளம்புடா"ன்னுருச்சு.

அடுத்த வருசம் ஆள் எடுக்குற நாள். புலி டீம் மொத ஆளா எடுத்தது யாரத் தெரியுமா? மொக்கையன.

"குரங்கக் கொல்லப் பாத்தவன எடுக்குறீங்களே தலைவரே!"ன்னு நரி பதறுச்சு.

புலி, "சுவர்ல நிக்கிறவனுங்கள்ல எனக்குத் தெரிஞ்ச ஒரே பேரு அதாம்ப்பா"ன்னுச்சு.

நீதி: ஒழுங்கா வேல பாத்தா சம்பளம் வரும். பேரு வேணும்னா ஒரு குரங்கையாவது நசுங்க விடணும்.

என்னடா கையத் தூக்குற? அந்தச் சுவர்ல நகராம நின்ன மத்த நாலு பேரு யாரா? எனக்கும் தெரியாதுடா. நான் என்னத்தக் கண்டேன், நானும் வெளாங்காயத்தான் பாத்துட்டு இருந்தேன்.