ரோமாபுரி அங்கிளும் எங்கள் சாப்பாட்டு மேசையும்

இத்தாலியைப் பற்றி இத்தாலிக்காரர்களைவிட அதிகம் தெரிந்த ஒரே மனிதர் எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில், எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். தெரு முழுக்க அவருக்குப் பெயர் 'ரோமாபுரி அங்கிள்'. எந்தக் காலத்திலோ ரோமுக்குத் திருயாத்திரை போய் வந்தாராம். ரொட்டி சானாய் கடையில் யாராவது "மழை வரும்போல" என்றால் போதும், "ரோம்ல இப்படி இல்லலா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவரின் பக்கத்து வீட்டுக்கே ஓர் இத்தாலிப் பெண் வரப்போகிறாள் என்றால் சும்மா இருப்பாரா? என் மனைவி செல்வி கிள்ளான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் இரட்டை வால்கள் பிறந்ததும் நீண்ட லீவு போட்டிருந்தாள். மறுபடி டியூட்டிக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும். அவளுக்குத் தெரிந்த கன்னியாஸ்திரி ஒருவர்தான் கியாரா என்ற அந்த இத்தாலிப் பெண்ணை ஏற்பாடு செய்தார். வீட்டுப் பிள்ளைபோலத் தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, இங்கிலீஷ் பழகுவாள். 'ஓ பேர்' என்பார்களாம்.

அங்கிள் டை கட்டிக்கொண்டு வந்து எங்களுக்கு வகுப்பெடுத்தார்.

"ஒம்போது மணிக்கு முன்னாடி டின்னர் போட்றாதீங்க, அவமானப்பட்டுருவாங்க. மத்தியானத்துக்கு மேல பால் காப்பி குடுத்தா போலீஸுக்கே போயிருவாங்க. பாத்தவுடனே ரெண்டு கன்னத்திலயும் முத்தம். வெக்கப்படாதே தம்பி!"

"அத நான் பாத்துக்கிறேன் அங்கிள். இவரு தூரமாவே நிக்கட்டும்" என்றாள் செல்வி.

செய்து காட்டாமல் விடுவாரா? என் இரண்டு கன்னத்திலும் மீசையை உரசிவிட்டுத்தான் போனார்.

கியாரா வந்தாள். கை குலுக்கினாள். சாயங்காலம் நான்கு மணிக்கு பால் நுரை பொங்கும் தே தாரிக் டீயைக் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டாள். நான் அங்கிளைப் பார்த்தேன்.

"இவ வடக்கு இத்தாலிலா. வடக்கு வேற" என்றார், கொஞ்சமும் அசராமல்.

நாங்கள் அவளைத் தலையில் வைத்துத் தாங்கினோம். புதுத் தட்டு, புது மேசைவிரிப்பு. அவளை முதலில் உட்காரவைத்து, செல்வி கரண்டியோடு ஒரு பக்கம், நான் தண்ணீர் ஜக்கோடு மறுபக்கம். விருந்தாளி சாப்பிட்ட பிறகுதானே வீட்டுக்காரர்கள் உட்காருவது? தினமும் நண்டு, இறால் என்று அமர்க்களம். அவளோ நாளுக்கு நாள் இளைத்தாள். ஒரு வாரத்தில் பெட்டியைக் கட்டி ஹாலில் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை செல்விக்கு டியூட்டி. "நண்டுகூட செஞ்சு போட்டேனே! என்ன குறை வச்சேன்?" என்று அடுப்படியில் அழுதாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேறு வழியில்லாமல் அங்கிளைக் கூப்பிட்டேன்.

அங்கிளுக்குத் தெரிந்த இத்தாலி பாஷை முழுவதும் பழைய பூசையின் லத்தீன் ஜெபங்கள். கியாராவுக்கு முன்னால் நின்று கணீரென்று ஒன்றை ஆரம்பித்தார். பாவம், அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அவள் வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்று செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போட்டாள். நான் பழக்கதோஷத்தில் ஜக்கை எடுத்துக்கொண்டு நின்றேன். அங்கிள் எங்களைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். அப்படி ஒரு கோபம் அவருக்கு வந்து நான் பார்த்ததே இல்லை.

"என்னப்பா பண்றீங்க! அந்தப் புள்ளைய ஒத்தையில உக்கார வச்சுச் சுத்தி நின்னு பாக்குறீங்க? எப்படிலா தொண்டையில இறங்கும்?"

"ரோம்ல எப்படி அங்கிள்?" என்றேன்.

"ரோமும் இல்ல, கீமும் இல்ல. எங்க வீட்டம்மா போனதிலேர்ந்து நான் தினமும் ஒத்தையிலதான் திங்கறேன். எனக்குத் தெரியாதா? உக்காருங்க எல்லாரும்!"

உட்கார்ந்தோம். குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டோம். அங்கிளும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கியாரா முதல் தடவையாகச் சிரித்தாள். "எங்கள் வீட்டில் தண்டனை கிடைத்த பிள்ளைதான் தனியாகச் சாப்பிடும். நான் என்ன தப்பு செய்தேன் என்று தினமும் யோசித்தேன்" என்று இங்கிலீஷில் திக்கித் திக்கிச் சொன்னாள். செல்வி எச்சில் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். பெட்டி உள்ளே போனது. திங்கட்கிழமை செல்வி வேலைக்குப் போனாள்.

அன்று முதல் அங்கிளுக்கு ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். ஒருநாள் கியாரா அவரிடம், ரோமில் எங்கே தங்கினீர்கள் என்று கேட்டாள்.

"மாதா கோவிலுக்கு நேர் எதிர்ல" என்றார் கம்பீரமாக.

ரோமில் எங்கே நின்றாலும் எதிரே ஒரு கோவில்தான் இருக்கும் என்று அவள் பிறகு என்னிடம் சொல்லிக் கண்ணடித்தாள். அவரிடம் மட்டும் கடைசிவரை மூச்சு விடவில்லை.

அடுத்த வருடம் சுபாங் விமான நிலையத்தில் அவரது இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டுப் போனாள். எங்களுக்கு வகுப்பெடுத்த மனிதர் கம்பம் மாதிரி நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வடக்கத்திப் பொண்ணு... இப்படிப் பண்ணிட்டாளே" என்றார்.

அங்கிள் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. எங்கள் வீட்டில் இன்றும் எல்லோரும் உட்காராமல் யாரும் சோற்றில் கை வைப்பதில்லை. சமையலறைப் பக்கத்து நாற்காலியில் யாராவது உட்காரப் போனால், செல்வி "அது அங்கிளோடதுலா" என்பாள். அந்த மனிதர் ரோமுக்குப் போனாரோ இல்லையோ, எங்கள் வீட்டுக்கு வந்தாரே, அது போதும்.