பொல்கொல்லவில் பாஸாகாத பெட்டி

கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நான் நம்பிய காலம் ஒன்று இருந்தது. என்னால் ஊருக்கு அதிக ஆபத்து இருந்ததும் அப்போதுதான்.

யுத்தத்தின் கடைசி வருடங்கள். வத்தேகமவில் அக்காவுக்கு ஒரு டைப்பிங் கடை. ஒரு டியூஷன் நிலையம் தன் கேள்வித்தாள் வேலை முழுவதையும் தருவதாகச் சொன்னது, புதிதாக வந்த விண்டோஸ் இருந்தால் மட்டும். அந்த வேலை கைவிட்டுப் போனால் கடையை மூட வேண்டியதுதான். பழைய பெட்டி புதிய விண்டோஸைத் தாங்குமா என்று கண்டியில் கேட்டு வரும் பொறுப்பை நான் ஏற்றேன். (யாரும் தரவில்லை.)

"மெமரி எவ்வளவு, டிஸ்க் எவ்வளவுன்னு எழுதிட்டுப் போனா பத்தாதாடா?" என்றாள் அக்கா.

"நோயாளிய வீட்டுல வச்சிட்டு மருந்து கேக்க முடியுமாக்கா?"

பெட்டியோடு, கரண்ட் போனால் தாங்கிப் பிடிக்கும் யூ.பி.எஸ்ஸையும் அரிசிச் சாக்கில் கட்டினேன். பஸ்ஸில் சாக்கைக் கடைசி சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, முன்னால் இடம் பிடித்தேன்.

மழை. பொல்கொல்ல சோதனைச் சாவடி வரிசையில் டிரைவர் என்ஜினை நிறுத்தினார். ஆற்றுப் பக்கமிருந்து பனி ஏறி ஜன்னல்களை மூடியது. அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம்.

பீப்.

பேச்செல்லாம் நின்றது. அழுதுகொண்டிருந்த குழந்தைகூட நிறுத்தியது. பீப். கடைசி சீட்டுக்கடியிலிருந்து.

"குண்டு!" என்று முதலில் கத்தியவன் நான். போஞ்சிக்காய்க் கூடையோடு இருந்த ஓர் அம்மாவைத் தாண்டிக் குதித்து இறங்கினேன்.

இராணுவத்தினர் எங்களைத் தூரத்துக்கு விரட்டினார்கள். விளக்கு எரிந்தபடி வெறும் பஸ் பனிக்குள் நின்றது. உள்ளேயிருந்து அது விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"தம்பி, ஒங்க சாமான் ஏதும் உள்ள இருக்கா?" என்றார் போஞ்சி அம்மா.

"ஐயோ, அக்காவோட கம்ப்யூட்டர்!"

"உசிரு தப்பிச்சதே பெருசு, விடுங்க."

ஓர் அதிகாரி, சாக்கைச் சுட்டுச் சிதறடிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பீப். பீப். அக்கா கடையில் கரண்ட் போகும்போதெல்லாம் கேட்கும் அதே இடைவெளி. குலுக்கலில் யூ.பி.எஸ் பொத்தான் அமுங்கியிருக்கிறது.

வாயைத் திறக்காவிட்டால் கடை சிதறும். திறந்தால், அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், தேயிலைத் தோட்டத்து விலாசம். அந்தக் காலத்தில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் போட்டோவை வைத்துக்கொண்டு வீட்டார் முகாம் முகாமாக அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

கையைத் தூக்கினேன். "சேர்... ஏக்க மகே." அது என்னுடையது.

"அடப்பாவி! ஒன் பொட்டிக்கு நீயே கத்துனியா?" போஞ்சி அம்மாவிடம் அதுவரை இருந்த 'தம்பி'யும் 'ஒங்க'ளும் பறந்துவிட்டன.

என்னைத் தனியாக உள்ளே அனுப்பினார்கள். வழியெல்லாம் ஒற்றைச் செருப்புகள், ஒரு குடை, கடித்த பணிஸ். ஒவ்வோர் அடிக்கும் அது ஒரு தடவை கூப்பிட்டது. 'நம்முடையதுதான்' என்று எனக்கு நானே சொன்னேன். நம்பவில்லை. சாக்குக்குள் கையை விட்டுப் பொத்தானை அமுக்கினேன். அதற்குப் பிறகு வந்த நிசப்தம் அதைவிட மோசமாக இருந்தது.

பெட்டியை வீதியிலேயே திறக்கச் சொன்னார் அதிகாரி. எதற்காகக் கொண்டுபோகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். புது விண்டோஸ் என்றேன். குனிந்து, மெமரி அட்டையைக் கழற்றி, எழுத்தை வாசித்தார்.

"நூற்று இருபத்தெட்டுதானே இருக்கு, மல்லி. பத்தாது. இருநூற்று ஐம்பத்தாறில் ரெண்டு போடு, ஊர்ந்தாவது போகும்." மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அவர் வீட்டிலும் இதே பழைய பெட்டிதானாம்.

கண்டிக் கடைக்காரரும் அதையேதான் சொன்னார். ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை. இரண்டு அட்டை போட்டோம், ஊர்ந்தது, அக்காவின் கடை மூடப்படவில்லை.

இன்றைக்கும் நான் புதுப் போன் வாங்கினால், "பொல்கொல்லவுல காட்டியாச்சா மச்சான்?" என்பார் அக்கா வீட்டுக்காரர். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். அக்கா மட்டும் சிரித்து முடித்ததும் என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டுத்தான் தேத்தண்ணி ஊற்ற எழும்புவாள்.