மயிலம்மாள் வீட்டுப் பாதாளக் கரண்டி

1986 ஆகஸ்ட், திங்கட்கிழமை காலை ஆறு மணி. கிணற்றுக்குள் ஒரு செப்புக் குடம். மேலே அர்த்தநாரி என்கிற நான், கையில் வெறுங்கயிறு.

அது என் மனைவி வசந்தாமணியின் சீர்க் குடம். அவள் ஆட்டையாம்பட்டியில் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வாரம். "நீ இல்லாமலும் இந்தக் குடித்தனம் நடக்கும்" என்று நான் வீரம் பேசியதன் பலன். அவளாக வரமாட்டாள். நானாகக் கூப்பிட மாட்டேன். அஸ்தம்பட்டி வீட்டில் எதிர்த்துப் பேசக்கூட ஆளில்லை. கிணற்றில் குனிந்து "யாரு?" என்றேன். அதுவும் "யாரு?" என்றது.

குடம் போனது தெரிந்தால் வீரமும் போகும். நல்லவேளை, முந்தின நாள்தான் பக்கத்து வீட்டு மயிலம்மாளின் டிவியில் ஓர் ஆவணப்படம் பார்த்திருந்தேன். கடலடியில் கிடந்த எதிரி நாட்டு நீர்மூழ்கிக் கப்பலை ஒரு வல்லரசு ராட்சதக் கொக்கி போட்டு ரகசியமாகத் தூக்கியது. உலகத்துக்குச் சொன்னதோ, "தாதுக்கட்டி பொறுக்குகிறோம்."

நம் ஊரில் அந்தக் கொக்கிக்குப் பாதாளக் கரண்டி என்று பெயர். எங்கள் தெருவுக்கு ஒன்றுதான். அதுவும் மயிலம்மாளிடம்.

"அம்மிணி, கரண்டி வேணும். கிணத்துல சேறு எவ்வளவுன்னு பார்க்கோணும்."

"என்னங்ணா உழுந்துச்சு?"

"ஒண்ணும் உழலை. சேறுதான்."

"நேத்து அந்தக் கப்பல்காரனும் இப்படித்தானுங்களே சொன்னான்!"

அந்த இங்கிலீஷ் படத்தை அவளுக்கு வரிவரியாகத் தமிழில் விளக்கியவன் நான்.

"ஈடா ஒரு பாத்திரம் வெச்சுட்டு எடுத்துட்டுப் போங்க. சும்மா குடுத்தா ஊட்டுக்கு ஆகாதுங்க."

என் வீட்டில் கழுவிய பாத்திரம் காபி ஃபில்டர் ஒன்றுதான். கொடுத்தேன்.

பகல் முழுக்கத் துழாவினேன். ஒருமுறை சிக்கி, பாதி உயரத்தில் நழுவியது. வல்லரசுக்கும் அப்படித்தான், கப்பலில் பாதி கடலோடு போனதாம். எனக்குச் சாயங்காலம் முழுக் குடமும் வந்தது. துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன். பாராட்டத்தான் யாருமில்லை.

மறுநாள் காலை வாசலில் வசந்தாமணி. கையில் காபி ஃபில்டர்.

"ஏனுங்க, காபி குடிச்சீங்களா?"

"அது எப்படி உன்கிட்ட?"

"ஈடு வந்தா ஆள் உட்டுச் சொல்லுங்கன்னு மயிலக்காகிட்டச் சொல்லிட்டுத்தானுங்க போனேன். நீங்களும் கூப்பிட மாட்டீங்க. அண்ணன் ஊட்டுல எத்தனை நாள் செவுத்தைப் பார்த்து உக்காந்திருக்கறது?"

"குடம் உழும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"குடத்துக் கயித்துல முடிச்சுப் போட்டது நானுங்களே. ஒரு வாரந்தான் தாங்கும்."

1987 ஜனவரி 9-ஆம் தேதி, செவ்வாய்ப்பேட்டையில் சொந்தமாக ஒரு பாதாளக் கரண்டி வாங்கினேன். வசந்தாமணி அதை மயிலம்மாள் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறாள்.